முப்பது நாள் சாவி

நியூகாசில் என்றதும் இங்கிலாந்துக்குப் போய்விட வேண்டாம். நான் சொல்வது ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடக்கே 160 கிலோமீட்டரில் இருக்கும் நியூகாசில். உலகிலேயே பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். கரி ஏற்ற முறை வரும்வரை காத்திருக்கும் கப்பல்களைக் கடற்கரையில் நின்றே எண்ணலாம். இவ்வளவு சரக்கு போகிற ஊரின் பிரதான வீதியான ஹன்டர் ஸ்ட்ரீட்டிலும் அதையொட்டியும், 2008 வாக்கில் சுமார் 150 கட்டடங்கள் காலியாகக் கிடந்தன.

அதை நடந்து போய் எண்ணியவர் மார்கஸ் வெஸ்ட்பரி. அந்த ஊரில் வளர்ந்தவர், அங்கே இளம் கலைஞர்களுக்காக விழா நடத்திப் பழகியவர், பிறகு மெல்பர்னுக்குக் குடிபோனவர். சொந்த ஊரில் சின்னதாக ஒரு பார் வைக்கலாமே என்று இடம் தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. தெருவெங்கும் 'வாடகைக்கு' பலகை. பலகையில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் ஏஜெண்டுகளுக்குத் திரும்பப் பேசவே ஆர்வமில்லை. பேசினாலும், சொல்லும் வாடகை ஆள் நடமாட்டமே இல்லாத தெருவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வாடகை.

தெரு காலியான கதை பெரிய மர்மம் இல்லை. 1989 டிசம்பர் 28-ல் ஒரு நிலநடுக்கம். 13 பேர் இறந்தார்கள், நகரின் நடுப்பகுதியில் பல கட்டடங்கள் சேதமாகின. 1915 முதல் ஊருக்கே சோறு போட்ட பிஎச்பி எஃகு ஆலை 1999-ல் மூடப்பட்டது. இதற்கிடையில் புறநகரில் கார் நிறுத்த வசதியோடு பெரிய மால்கள் வந்துவிட்டன. நம் ஊர் எதற்கும் இந்தக் கதையை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த கேள்விதான்: இத்தனை கடை காலியாக இருந்தும் வாடகை ஏன் இறங்கவில்லை?

நான் சிட்னிக்கு வந்த புதிதில் இதைக் கட்டட மதிப்பீட்டுத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கடைக்கு ஆண்டு வாடகை 60,000 டாலர். அந்த வட்டாரத்தில் முதலீடு செய்பவர்கள் 6 சதவீத வருமானம் எதிர்பார்க்கிறார்கள் என்றால் கட்டடத்தின் மதிப்பு 10 லட்சம் டாலர். வங்கி இந்த எண்ணை நம்பித்தான் கடன் கொடுத்திருக்கும். இப்போது உரிமையாளர் மனமிரங்கி 30,000-க்கு விடுகிறார் என்று வையுங்கள். 'இந்த இடத்தின் சந்தை வாடகை இவ்வளவுதான்' என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். மதிப்பு 5 லட்சத்துக்கு வந்துவிடும். கடன் மட்டும் அப்படியே நிற்கும். அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் அவருடையவை என்றால் அவையும் சேர்ந்து இறங்கும். பூட்டியே வைத்திருந்தாலோ, 60,000 என்று பலகையில் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு, ஆள் வரவேண்டியதுதான் பாக்கி என்று வங்கியிடம் சொல்லிக்கொண்டிருக்கலாம். போதாததற்கு, வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு ஆகும் வட்டி, பராமரிப்புச் செலவுகளை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ள ஆஸ்திரேலிய வரிச் சட்டம் வழிவிடுகிறது.

ஆக, பாதி வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பது லாபம். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் உரிமையாளரின் நாற்காலியில் உட்கார்ந்தால் இதுதான் புத்திசாலித்தனம்.

இதோடு ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது. நியூகாசில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1994 சில்லறை வணிகக் குத்தகைச் சட்டம், கடைக்காரருக்குக் குறைந்தது 5 ஆண்டு காலம் தரவேண்டும் என்று சொன்னது. விதிவிலக்கு வேண்டுமென்றால் வக்கீல் சான்றிதழ் வாங்கவேண்டும். சிறு வியாபாரியை உரிமையாளர் நினைத்தபோது துரத்தக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி. (2017-ல் எடுத்துவிட்டார்கள்.) ஆனால் 'மூன்று மாதம் முயன்று பார்க்கிறேன், ஓடினால் தொடர்கிறேன்' என்று வரும் பெண்ணுக்கு அந்த விதி கதவைச் சாத்திவிட்டது. அவளுக்கு 5 ஆண்டுப் பொறுப்பும் வேண்டாம், உரிமையாளருக்கு அவளை 5 ஆண்டு வைத்திருக்கவும் முடியாது. இரண்டு பேருக்கும் இஷ்டம்தான்; எழுதிக்கொள்ளத்தான் வசதியான தாள் இல்லை.

வெஸ்ட்பரி 2008 இறுதியில் தொடங்கிய ரென்யூ நியூகாசில் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு செய்தது, அந்தத் தாளை எழுதியதுதான். கலை, நகர மறுமலர்ச்சி என்றெல்லாம் பிறகு நிறையப் பேசினார்கள். விருது, மாநாடு, வெளிநாட்டு விருந்தினர் எல்லாம் வந்தன. என்னைக் கேட்டால் அதன் உண்மையான கண்டுபிடிப்பு ஒரு ஒப்பந்தப் படிவம்.

ஏற்பாடு இப்படி: உரிமையாளர் காலிக் கடையை அமைப்பின் கையில் கொடுப்பார், குத்தகையாக இல்லை, வெறும் அனுமதியாக. அமைப்பு அதே அனுமதியை ஒரு நகை செய்பவருக்கோ, புகைப்படக்காரருக்கோ, குழந்தைகளுக்கான துணி தைப்பவருக்கோ மாற்றிக் கொடுக்கும். அனுமதி 30 நாள். முடிந்தால் அடுத்த 30 நாள். அப்படியே உருண்டுகொண்டே போகும். முழு வாடகை தரும் ஆள் கிடைத்துவிட்டாலோ கட்டடத்தை விற்றாலோ இடிக்கப்போனாலோ, 30 நாள் அவகாசத்தில் காலி செய்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு சிறு கட்டணம் உண்டு, மின்சாரம் உண்டு, சந்தை வாடகை கிடையாது. யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் எந்த உரிமையாளருக்கும் முதல் பயம்; அதற்கான காப்பீட்டை அமைப்பு பார்த்துக்கொண்டது. வாடகை என்று எதுவும் எழுதப்படாததால் கட்டட மதிப்பிலும் கீறல் விழவில்லை. காகிதத்தில் அந்தக் கடை இன்னும் காலிதான், 60,000 டாலர் பலகையோடு.

முதலில் கட்டடங்களைக் கொடுத்த பெரிய உரிமையாளர் ஜிபிடி குழுமம். (செயற்கை நுண்ணறிவு இல்லை, ஜெனரல் ப்ராபர்ட்டி டிரஸ்ட் என்று 1971-ல் தொடங்கிய சொத்து நிறுவனம்.) பெரிய மறுகட்டுமானத் திட்டத்தோடு ஹன்டர் ஸ்ட்ரீட் மாலைச் சுற்றிக் கட்டடங்களை வாங்கி வைத்திருந்தார்கள், நிதி நெருக்கடி வந்ததும் திட்டம் அப்படியே நின்றுபோனது. நகர நடுவிலிருந்து வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்ட புறநகர் மால்களில் ஒன்றான சார்ல்ஸ்டவுன் ஸ்கொயரும் அவர்களுடையதே. ஆனாலும் சாவியைக் கொடுத்தார்கள். பூட்டிக்கிடக்கும் கடையின் கண்ணாடியை உடைப்பார்கள், சுவரில் கிறுக்குவார்கள், மழைநீர் ஒழுகினால் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். உள்ளே தினம் ஒரு ஆள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தால் இது எதுவும் நடக்காது.

நான் போனபோது, மூடிப்போன டேவிட் ஜோன்ஸ் பல்பொருள் அங்காடிக் கட்டடத்துக்குள்ளும் இந்தச் சிறு கடைகள் வந்திருந்தன. பெரிய அங்காடி 2011 ஜனவரியில் மூடப்பட்டது. புடவைக் கடை அளவுக்கு விரிந்த தளத்தில் ஆளுக்கொரு மூலை. எதையும் சுவரில் அடித்து மாட்டக்கூடாது, இடித்துக் கட்டக்கூடாது என்பதால் எல்லா அலமாரிக்கும் சக்கரம் வைத்திருந்தார்கள். வெள்ளி வேலை செய்யும் ஒரு பெண் கண்ணாடிக்குப் பக்கத்தில் பட்டறை போட்டு, மோதிரத்துக்குப் பற்றவைத்துக்கொண்டே கல்லாவையும் பார்த்துக்கொண்டார். வேலையும் விற்பனையும் ஒரே மேசையில். கதவில் கையால் எழுதிய தாள்: வியாழன் முதல் சனி வரை மட்டும் திறந்திருக்கும். மற்ற நாளில் வேறு எங்கோ சம்பளத்துக்குப் போகிறாராம். இங்கே வருவதற்கு முன் இதையெல்லாம் எங்கே செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக் கார் ஷெட்டில் என்றார்.

எனக்கு அந்த இடத்தில் பிடித்தது அழகு இல்லை. சில கடைகள் உண்மையிலேயே சுமார். ஒன்றில் இருந்த ஓவியங்களை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அந்த ஓவியர் அங்கே தோற்றுப்போகலாம், அதற்குப் பெரிய செலவில்லை. 5 ஆண்டுக் குத்தகை, முன்பணம், உள் அலங்காரம் என்று இறங்கியவர் தோற்றால் வீட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும். இங்கே தோற்றால் அலமாரியை உருட்டிக்கொண்டு போய்விடலாம். அடுத்த மாதம் அந்த மூலைக்கு வேறொருவர் வருவார். பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட முயற்சிகள் இப்படி வந்து போயின. சிலர் பிழைத்து, பிறகு முறையான வாடகைக்கே கடை எடுத்தார்கள். நாலு கடையில் விளக்கெரிந்ததும் காபிக் கடை வந்தது, காபிக் கடை வந்ததும் ஆள் வந்தார்கள். 2011-ல் பார்க்க வேண்டிய பத்து நகரங்கள் என்று லோன்லி பிளானட் பயண வழிகாட்டி போட்ட பட்டியலில் நியூகாசிலுக்கு ஒன்பதாம் இடம். உள்ளூர்க்காரர்களே முதலில் நம்பவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒப்பந்தத்தின் தலையில் 'அனுமதி' என்று எழுதிவிட்டால் போதுமா என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போதாது. சிட்னியில் மில்க் பார் (பால் பானங்கள் விற்கும் சிறு கடை) நடத்திய ஒரு பெண்ணின் வழக்கு. உரிமையாளர் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் அனுமதி என்றுதான் இருந்தது. ஆனால் கடை முழுவதும் அவள் கையில் இருந்தது, மற்றவரை உள்ளே விடாமல் தடுக்கும் உரிமையும் அவளுக்கு இருந்தது, ஆகவே இது குத்தகையே என்று 1959-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அதே 1959-ல் நம் உச்ச நீதிமன்றத்திலும் இதே கேள்வி. டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் இரண்டு அறைகளில் முடிதிருத்தகம் நடத்தியவரின் பத்திரத்திலும் அனுமதி என்றே எழுதியிருந்தது. பத்திரத்துக்கு என்ன பெயர் வைத்தாய் என்று பார்க்க மாட்டோம், உள்ளே எதைக் கொடுத்தாய் என்றுதான் பார்ப்போம் என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகச் சொன்னார்கள். இரண்டு வழக்குமே நியாய வாடகை கேட்டுத் தொடங்கியவை. ரென்யூ நியூகாசில் இந்தக் குழியில் விழாமல் நடந்தது. உரிமையாளருக்கு எப்போதும் உள்ளே வர உரிமை உண்டு, வாடகைக்குப் பார்க்க வருபவர்களை அழைத்து வரலாம், கடை யாருக்கும் தனியுடைமை ஆகாது. பெயரில் மட்டுமல்லாமல் நடப்பிலும் அது அனுமதியாகவே இருந்தது.

இதில் யாருக்கு லாபம் என்று யோசித்தால் கொஞ்சம் கசக்கிறது. கலைஞர் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு உயிர் கொடுக்கிறார். தெரு உயிர்பெற்றதும் நிலத்தின் விலை ஏறுகிறது. ஏறிய விலை உரிமையாளருக்கு. கலைஞருக்கு 30 நாள் நோட்டீஸ். ரென்யூ நியூகாசில் 2019-ல் கடையைக் கட்டிக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் நகர நடுவில் டிராம் ஓடத் தொடங்கியது. பழைய கடைத் தொகுதிகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. டேவிட் ஜோன்ஸ் கட்டடம் 2022-ல் க்யூடி என்ற சொகுசு ஹோட்டலாகத் திறந்தது. பட்டறை போட்ட பெண் இருந்த தளத்தில் இன்று எந்த வரவேற்பறை இருக்கிறதோ, எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

இதைச் சுரண்டல் என்றே எழுதிய நண்பர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஏமாற்று என்றால் ஒருவருக்காவது முடிவு தெரியாமல் இருக்க வேண்டும். இங்கே முதல் நாளே எல்லோருக்கும் தெரியும், இது நிலைக்காது என்று. ஆனால் ஒன்று செய்திருக்கலாம். விலை ஏறிய பிறகு, அந்தப் புதிய கட்டடங்களில் தரைத்தளத்தில் நாலு கடையையாவது இதே மாதிரி ஆட்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று நகரசபை விதி போட்டிருக்கலாம். சாவியை வாங்கும்போது அதைக் கேட்டால் உரிமையாளர் கொடுத்திருக்கவே மாட்டார் என்று பதில் சொல்வார்கள். அதுவும் சரிதான்.

மற்ற ஊர்களில் வேறு வேறு காரணத்துக்காக இதைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஒன்றிணைப்புக்குப் பிறகு மக்கள் வெளியேறி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் தெருத் தெருவாகக் காலியாயின. குளிரில் குழாய் வெடித்துச் சுவர் ஊறிவிடும் என்பதுதான் அங்கே பயம். 2004-ல் ஹவுஸ்ஹால்டன் என்ற சங்கம் 'காவல் வீடு' என்று ஓர் ஏற்பாடு செய்தது: குடியிருந்து கட்டடத்தைப் பார்த்துக்கொள், வாடகை வேண்டாம், தண்ணீர் மின்சாரச் செலவை மட்டும் கொடு. தரைத்தளக் கடைகளில் ஓவியக்கூடமும் சங்க அலுவலகமும் வந்தன. அங்கே காலம் 5 ஆண்டு வரை, நியூகாசிலைவிடத் தாராளம்.

நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் கட்டடமே மிச்சமில்லை. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள், நகர நடுப்பகுதி வேலி போட்டு மூடப்பட்டது. எட்டு மாதத்தில், அக்டோபர் 29 அன்று, கேஷல் மாலில் வண்ணம் பூசிய கப்பல் கன்டெய்னர்களில் கடைகளைத் திறந்தார்கள். ரீஸ்டார்ட் என்று பெயர். 2018 ஜனவரி வரை ஓடியது. இடித்துத் தரைமட்டமான மனைகளில் கேப் ஃபில்லர் என்ற குழு விளையாடிய விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது 'டான்ஸ்-ஓ-மாட்'. சலவைக் கடையில் காசு போட்டால் ஓடும் பழைய வாஷிங் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து மரத்தரைக்குப் பக்கத்தில் நட்டார்கள். துணிக்குப் பதில் நம் போனைச் செருகி, 2 டாலர் காசு போட்டால், விளக்கும் ஒலிபெருக்கியும் அரை மணி நேரத்துக்கு உயிர்பெறும். ஆடலாம். 2012-ல் அங்கே வந்த இளவரசர் சார்ல்ஸ்கூட ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் போனார். நடனமாட இடமே இல்லாமல் போன ஊரில் அந்தக் காசு போடும் துவாரம் எத்தனை பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று உறைக்காது.

இந்தக் கதையை மதுரையில் என் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். மாசி வீதிப் பக்கம் அவருக்கு ஒரு கடை இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அதன் ஷட்டர் மூடித்தான் கிடக்கிறது. முன்பு இருந்த வாடகைதாரர், தாத்தா காலத்து வாடகையிலேயே பல வருடம் இருந்து, கோர்ட்டுக்கு அலையவைத்து, கடைசியில் கையில் பெரிய தொகை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். அதிலிருந்து மாமாவுக்கு ஆள் வைப்பதென்றாலே ஒவ்வாமை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், புதுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, எழுதிப் பதிந்துகொண்டால் காலம் முடிந்ததும் கேட்டு வாங்கலாம் என்று சொன்னேன். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலேயே, குத்தகையாக இல்லாமல் வெறும் அனுமதியாகக் கொடுக்க இடமிருக்கிறது என்றும் சொன்னேன்.

"காலியா கெடந்தா பூட்டுதான் மாப்ள துருப்பிடிக்கும். ஆளை வெச்சா எனக்குல்ல பிபி ஏறும்," என்றார்.

"நடுவுல ஒரு அமைப்பு இருக்கும் மாமா. ஆள் கிளம்பலைன்னா உங்களுக்குப் பதிலா அவங்க நிப்பாங்க."

"அவங்களே கிளம்பலைன்னா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஊரில் பதினோரு மாத அக்ரிமென்ட் இருக்கிறது. ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரப்பதிவு வேண்டும் என்பதற்காகப் பிறந்த வழக்கம். பத்து மாத அட்வான்ஸ் இருக்கிறது, பகடி என்ற சாவிப்பணம் இருக்கிறது, புரோக்கர் இருக்கிறார். ஆனால் இரண்டு பக்கமும் நம்பிச் சாவியைக் கொடுத்து வைக்கக்கூடிய மூன்றாவது கை ஒன்று இல்லை. வணிகர் சங்கம் செய்யலாம், மாநகராட்சி செய்யலாம், ஒரு கல்லூரிகூடச் செய்யலாம். யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

அப்புறம் பேச்சு வேறெங்கோ போனது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, போன தேர்தலுக்கு மாமா அந்தக் கடையைத் திறந்திருக்கிறார். ஒரு கட்சிக்காரர்கள் தேர்தல் பணிமனை வைக்கக் கேட்டார்களாம். அட்வான்ஸ் கிடையாது, அக்ரிமென்ட் கிடையாது. ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, டியூப் லைட் மாட்டி, ஒரு மாதத்துக்கு மேலே தெருவே கலகலவென்று இருந்திருக்கிறது. எதிரில் டீக்கடை போட்டவருக்கு அந்த மாதம் நல்ல வியாபாரமாம்.

"அவங்களை மட்டும் எப்படி மாமா நம்புனீங்க?"

"நம்புறதென்ன. ஓட்டு முடிஞ்சா அவனுக்கு இங்க என்ன வேலை? எண்ணிக்கைக்கு முந்தியே காலி பண்ணிட்டாங்க. டியூப் லைட்டைக்கூடக் கழட்டல."